பத்து நாள் காவல்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார். லிஃப்ட் பராமரிப்புப் பேச்சு முக்கால் மணி நேரம் ஓடிவிட்டதால் அது இப்போது ஏழு நிமிடமாகிவிட்டது. சரி, பார்க்கலாம்.

வாசல் நாய்களுக்குச் சோறு வைக்கலாமா கூடாதா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டைக்குள் நான் வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் பி பிளாக் எதிரே நடந்ததைப் பற்றித்தான் பேச வந்தேன். பேப்பர் போடும் பையனை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்தது. கூடியவர்கள் அதைத் தலையிலேயே அடித்துக் கொன்று, குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல, என்னுடைய முதல் வேலைக்குப் போக வேண்டும்.

1986. ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகம். ஒருவர் ஓடி வந்து, "டாக்டர், மாட்டுக்குத் தொண்டையில என்னமோ அடைச்சுக்கிச்சு" என்றார். போய்ப் பார்த்தேன். வாயில் எச்சில் நூலாக ஒழுகுகிறது. தண்ணீரைக் கண்டால் குடிக்க வருகிறது, விழுங்க முடியவில்லை. குரல் கம்மிப்போய் ஓயாமல் கத்துகிறது. மாங்கொட்டை ஏதாவது சிக்கியிருக்கும் என்று உறையில்லாத கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. அடைப்பே இல்லை, தொண்டைத் தசைகள் செயலிழந்திருந்தன. இரண்டாம் நாள் மாடு செத்தது. அப்போதுதான் அந்த வீட்டு அம்மா சொன்னார்: "ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு நாய் மூக்குல கடிச்சுது சார், ஆறிப்போச்சுன்னு விட்டுட்டோம்."

மூளையை எடுத்து, ஐஸ் வைத்து, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். நெக்ரி என்ற இத்தாலியர் 1903இல் கண்டுபிடித்த நுண்துகள்களை மூளைச் செல்களுக்குள் நுண்ணோக்கியில் தேடுவார்கள். இருந்தால் ரேபிஸ். இல்லாவிட்டால் ரேபிஸ் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒளிரும் சாயத்தை வைத்துச் செய்யும் நம்பகமான சோதனை இன்று இருக்கிறது. எதுவானாலும் சிதையாத மூளை வேண்டும். எங்கள் மாட்டின் மூளையில் அந்தத் துகள்கள் இருந்தன.

எனக்கும், மாட்டுக்காரருக்கும், கையால் கஞ்சி ஊட்டிய அவருடைய அம்மாவுக்கும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. உங்களில் வயதானவர்களுக்கு அது நினைவிருக்கும். 1911இல் கசௌலியில் செம்பிள் என்பவர் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கும் மருந்து அது. சிலருக்கு அந்த ஊசியாலேயே பக்கவாதம் வந்ததுண்டு. பதினான்கு நாளும் நான் தூங்கவில்லை. அதை நம் நாடு கைவிட 2004 வரை ஆயிற்று. இன்று போடுவது செல்களில் வளர்த்த வைரஸிலிருந்து செய்த ஊசி. கையில்தான் போடுகிறார்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்.

(ஊரே அன்று கேட்ட இன்னொரு கேள்வி: "அந்த மாட்டுப் பாலைக் குடிச்சோமே?" காய்ச்சினால் வைரஸ் செத்துவிடும். காய்ச்சாமல் குடித்தவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.)

இப்போது நாய்க்கு வருவோம். கடித்த இடத்திலிருந்து வைரஸ் நரம்பு வழியே மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. மூளையை எட்டிய பிறகுதான் எச்சிலுக்கு இறங்குகிறது. நோயின் குறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வந்துவிடும். குறி தெரிந்த நாய் சில நாளில் செத்துப்போகும். ஆகவே கடித்த நாய் பத்து நாள் கழித்தும் தின்றுகொண்டு, வாலாட்டிக்கொண்டு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். எத்தனையோ பேர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்த கணக்கு இது. கட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், காசு செலவில்லை. நாம் தடியை எடுத்தோம். அது கடித்திருக்கக்கூடிய மற்றவர்களை, மற்ற நாய்களை, பூனைகளைத் தேடும் வாய்ப்பும் போயிற்று.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று நான் சொல்லவில்லை. ஊசி அன்றே. அதற்கும் முன்னால் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். கொரோனா காலத்தில் கை கழுவினோமே, அதே காரணம்தான். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். குட்டிதானே, நகம்தானே பட்டது என்று விடாதீர்கள். நோய் வந்தபின் மருந்து இல்லை.

நம் தெருவில் நான் எண்ணிய வரையில் பதினொரு நாய்கள். நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டால் அந்த இடத்தில் நோய் பரவாமல் நின்றுவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் நமக்கு எட்டு. சோறு வைப்பவர்கள் கூப்பிட்டால்தான் அவை கிட்டே வரும். வைக்க வேண்டாம் என்பவர்கள் மருந்துச் செலவில் பங்கு போடட்டும். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் நான் ஊசியோடு இருப்பேன். பிஸ்கட் கொண்டு வாருங்கள்.

அந்தப் பையனுக்கு மூன்று ஊசி முடிந்திருக்கிறது. 28ஆம் நாள் ஊசி வருகிற வியாழக்கிழமை. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைக்குப் பேப்பர் தாமதமாக வந்தால் யாரும் போன் போட்டுத் திட்ட வேண்டாம்.