தாளில் எஞ்சிய பறவை



தலைமையாசிரியனாக இருந்த நாளில், வகுப்பில் கணக்குப் போடாமல் மைனா ஒன்றை வரைந்துகொண்டிருந்த மாணவனின் தாளைக் கிழித்தெறிந்தேன். அதனை எண்ணி இன்று வருந்துகின்றேன். காரணம் கேளுங்கள்.

1772-ஆம் ஆண்டில் கேப்டன் குக் தமது இரண்டாம் உலகப் பயணத்தைத் தொடங்கினார். 'ரெசல்யூஷன்' என்னும் அவருடைய கப்பலில், இயற்கை ஆராய்ச்சியாளரான தம் தந்தையாருடன் ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்னும் இளைஞரும் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது 17. காணும் செடிகளையும் பறவைகளையும் வரைவது அவர் பணி. 1774-இல், பசிபிக் மாகடலில் உள்ள ராயாத்தேயா தீவில் கிடைத்த பறவையொன்றை அவர் நீர்வண்ணத்தில் தீட்டினார். தந்தையார் அதன் உறுப்புகளை விவரித்து எழுதினார்.

அவ்வினம் பின்னர் அற்றுப்போயிற்று. பதப்படுத்தி வைத்த உடலும் காணாமற் போயிற்று. அதன் உருவை இன்று நமக்குக் காட்டுவது, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள அந்த ஓவியம் ஒன்றே. அது மைனாக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிஞர் பின்னாளில் துணிவதற்கு, அப்படமும் எழுத்துக் குறிப்புகளுமே துணையாயின.

ஆகவே, உங்கள் ஊர்ப் பறவைகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் வரையுங்கள். நாளும் இடமும் குறியுங்கள். எந்தத் தாள் கடைசிச் சான்றாகும் என்பதை வரைபவரும் அறியார். கிழித்த நானும் அறிந்திலேன்.