தொலைவிலிருந்து நலம் விசாரித்தல்



ஒரு பெரிய வங்கியை எடுத்துக்கொள்வோம். அதன் ரவுட்டர்களும் சுவிச்சுகளும் பல ஊர்களிற் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று சுகவீனமுற்றால் அறிவது எவ்வாறு? அறைக்கு அறை ஆளனுப்பிப் பார்ப்பதா? இவ்வினாவுக்கு விடையாக 1988ஆம் ஆண்டில் வெளிவந்ததே எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை. விரிவான வேறொரு முறை ஆயத்தமாகும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடென்றே அதனை அன்று கருதினர். விரிவான முறை இணையத்தில் வேரூன்றவில்லை. தற்காலிகமானது இன்றும் நிற்கின்றது.

ஒவ்வொரு கருவியினுள்ளும் ஏஜென்ட் எனப்படும் சிறு நிரலொன்று குடியிருக்கின்றது. மத்திய நிலையத்திலுள்ள மனேஜர் அதனிடம் கேள்வி கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணாலான பெயருண்டு. 1.3.6.1.2.1.1.3 என்றால், "நீ இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரம்?" என்பது பொருள். எந்தக் கம்பனி செய்த கருவியானாலும் பொருள் அதுவே. இந்தப் பொதுமொழியே இம்முறையின் பெருஞ் சிறப்பென்பது எமது அபிப்பிராயம்.

கருவி தானாகவே முறையிடுவதும் உண்டு. அதற்கு ட்ராப் என்று பெயர். ஆனால் பதிவுத் தபால் போலன்றிச் சாதாரணத் தபால் போல அது செல்வதால், வழியிற் காணாமற் போனால் அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது. ஆகவே மனேஜர் ஐந்து நிமிடத்துக்கொரு முறை என்றவாறு கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். பழைய எண்ணிகள் 4,294,967,295 வரை எண்ணிப் பின் பூச்சியத்துக்குத் திரும்புவன. விநாடிக்கு ஒரு கிகாபிற் செல்லும் வழி நிறைந்தோடினால் இவ்வெண்ணி 34 விநாடியில் ஒரு சுற்றை முடித்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து வந்து கேட்பவருக்கு எத்தனை சுற்றுப் போயிற்றென்று எப்படித் தெரியும்? 64 பிற் எண்ணிகள் இதனாலேயே வந்தன.

இனிக் கவலைக்குரிய விஷயம். முதலிரு பதிப்புகளிலும் கடவுச்சொல் மறைக்கப்படாமலே கம்பியிற் செல்கின்றது. வாசிக்க 'பப்ளிக்', மாற்ற 'பிரைவேற்' என்பன பல கருவிகளில் ஆதியில் இடப்பட்டிருந்த சொற்கள். இரண்டாவதை அறிந்தவர் ஒரு வாயிலையே அடைத்துவிடலாம். 2002ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தார், பிழையாக அமைந்த செய்திகளாற் பல கம்பனிகளின் கருவிகள் தடுமாறுவதை வெளிப்படுத்தினர். மறைகுறியீட்டுடன் கூடிய மூன்றாம் பதிப்பு அவ்வாண்டின் இறுதியில் முழுநியமமாயிற்று. பூட்டு வந்த பின்னரும் கதவைச் சாத்தாதிருப்போரை என்னென்பது! நாளை இத்துறையில் உத்தியோகம் ஏற்கும் எம் இளைஞர், முதல் நாளிலேயே அந்தச் சொல் மாற்றப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

கண்காணித்தலில் வென்ற எஸ்.என்.எம்.பி., கட்டுப்படுத்தலில் அவ்வளவாக வெல்லவில்லை. அக்குறை தீர்க்க 2006ஆம் ஆண்டில் நெற்கொன்ஃப் வந்தது. தொலைவிலிருந்து செய்யும் பிழையான மாற்றமொன்று, அக்கருவியை அடையும் வழியையே அறுத்துவிடக் கூடுமல்லவா? நெற்கொன்ஃபில் இதற்கொரு வசதியுண்டு. அதனை ஏற்ற கருவி, உறுதிச் செய்திக்காக, வேறு காலம் குறிக்காவிடில், 600 விநாடி காத்திருக்கும். செய்தி வராவிட்டால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.