'நிறுத்து' என்று சொல்ல யாருக்கு உரிமை?



'கிரேன் விழுந்தது' என்று பத்திரிகைக்காரன் எழுதுகிறான், இடி விழுந்தது என்பது மாதிரி. இடி தானா விழும். கிரேன் தானா விழாது.

2023 ஆகஸ்ட் 1. மகாராஷ்டிரத்தில் தானே மாவட்டம், ஷாஹாபூர் பக்கம். மும்பை – நாக்பூர் விரைவுச்சாலைக்கான பாலவேலையில் கர்டர் தூக்கி வைக்கும் ராட்சத இயந்திரம் நடுராத்திரியில் சரிந்தது. 20 பேர் செத்தார்கள். வெவ்வேறு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. சாலைக்குப் பெயர் 'சம்ருத்தி'. வளம் என்று அர்த்தம். செத்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 5 லட்சம், பிரதமர் நிவாரண நிதி 2 லட்சம் அறிவித்தன.

அங்கே எது பழுது என்பதைப் பொறியாளர்கள் சொல்லட்டும். நான் கேட்பது வேறு.

தண்ணிக் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்கிவிடலாம். கையை நீட்டித் தூக்க முடியுமா? கிரேனும் அப்படித்தான். கை நீள நீள, தாங்கும் எடை குறையும். காற்று அடித்தால் பாரம் ஆடும். மண் இளகினால் வண்டியே சாயும். இதெல்லாம் தெரியாத ரகசியமில்லை. எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு எடை என்று அட்டவணையே இருக்கிறது. 1996-இல் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1998-இன் மத்திய விதிகள் பாரம் தூக்கும் எந்திரங்களைச் சோதித்த பிறகே இயக்கச் சொல்லின. 2020-இல் அந்தச் சட்டத்தைத் தொகுப்புச் சட்டத்துக்குள் மடக்கினார்கள்.

கிரேன் வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. சைகை காட்ட ஒருத்தர்தான். ஆனால் 'நிறுத்து' என்று யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாகணும். சித்தாள் காட்டினாலும்.

காட்டுவாரா? நிறுவனம், அதற்குக் கீழே கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர், அப்புறம் மேஸ்திரி, கடைசியில் கூலியாள். ஒருத்தர் தலைமேல் ஒருத்தர். இந்த அடுக்கு நமக்கென்ன புதுசா? வாயைத் திறந்தால் நாளைக்கு வேலை இல்லை. மேஸ்திரி பேசும் பாஷையும் தெரியாது. 'பாரத்துக்கு அடியில் நிற்காதே' என்று போர்டு வைத்துவிட்டு, அங்கேயே நிற்கவும் சொல்கிறான்.

நான் வங்கிக் குமாஸ்தா. எங்கள் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். ஒருத்தர் மறுத்தால் மேனேஜர் நினைத்தாலும் திறக்காது. பணத்துக்கு அவ்வளவு காவல். உயிருக்கு ஒரு சாவிதான், அதுவும் அவசரப்படுகிறவன் கையில்.

இரண்டாவது சாவி கீழே நிற்கிறவர் கையில் இருக்கணும். வேலையை நிறுத்தியவருக்குக் கூலி பிடிக்கக் கூடாது, ஆளையும் விலக்கக் கூடாது. இதை ஒவ்வொரு தளத்திலும் எழுதி வாங்குவோம். இழப்பீட்டுக்கு மனு எழுதியே நம் கை தேய்ந்துவிட்டது. சாவதற்கு முன்னால் ஒரு மனு எழுதுவோம், தோழர்களே.