தொலைவிலிருந்து காணும் பூசை



இத்தாலி நாட்டின் அசிசி நகரிலே வாழ்ந்த புனித கிளாரம்மாள், நோயுற்றுக் கிடந்த ஒரு நத்தார் இரவில், தொலைவிலே நிகழ்ந்த பூசையைத் தமது அறையிலிருந்தவாறே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. அதனை நினைந்தே பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1958ஆம் ஆண்டில் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.

அப்பேறு நம் நாட்டினர்க்குத் துயரின் வழியாகவே வாய்த்தது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களிலே குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு கத்தோலிக்கக் கோயில்களிற் பொதுப் பூசை நடைபெறவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் தொலைக்காட்சியிலே கண்டனர். மறு ஆண்டு கொரோனா ஊரடங்கிலும் உயிர்த்த ஞாயிறு அவ்வாறே கழிந்தது. அச்சமும் நோயும் தணிந்தபின் கதவுகள் திறந்தன. ஆயினும் கைத்தொலைபேசிப் பூசை நம்மிடையே நிலைத்துவிட்டது.

அதனால் விளைந்த நன்மையை நான் மறுக்கேன். ஊர்க்கோயிற் பெருநாளை ரொறன்ரோவிலிருக்கும் பிள்ளைகளும் உடனிருந்து காண்கின்றனர். ஆனால், நடக்க வல்ல நானுமே மழைபெய்த ஒரு ஞாயிறு வீட்டிலிருந்து பூசை கண்டேன். நற்செய்தி வாசிக்கையில் எழுந்து நிற்கவேண்டியவன், சாய்மனைக் கதிரையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன்!

இஃது என் சோம்பல், அதனைத் திருத்திக்கொள்ளலாம். என்னை வருத்துவது வேறொன்று. என் பெரியம்மா பல்லாண்டுகளாகப் படுக்கையில் இருப்பவர். முன்னெல்லாம் மாத முதல் வெள்ளியிற் குருவானவர் அவருக்குத் தேவநற்கருணை கொண்டுவருவார். அயலவர் நால்வர் உடன்வந்து, செபம் முடிந்தபின்னும் கதைத்திருப்பர். இப்பொழுது குருவானவர் மட்டுமே வருகிறார். நாள்தோறும் பூசை காண்பவர்க்குக் குறையேது என மற்றையோர் எண்ணிக்கொண்டனர் போலும். நானும் அவ்வாறெண்ணியே சில மாதங்கள் செல்லாதிருந்தேன்.

“பூசை வருகுது தம்பி, சனந்தான் வருகுதில்லை,” என்றார் அவர்.

திரையிலே தேவநற்கருணையை உட்கொள்ள இயலாது என்பதை எல்லோரும் அறிவர். ஆகவே அதனைக் கொண்டுசெல்ல ஒருவர் இன்றும் வேண்டியிருக்கிறார். உடன்செல்வோரின் தேவையைத்தான் மறந்துவிட்டோம்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அவரிடம் சென்றேன். பிரசங்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்டிலர். அதனை முழுவதும் கேட்டிருந்தார். கோயிலுக்கு யார் யார் வந்திருந்தனர், எவர் எங்கே இருந்தனர் என்றே வினவினார். கைத்தொலைபேசியிற் பீடம் மட்டுமே தெரிகிறதாம்.