உடலின் காவலும் இரணஜன்னியும்



பழவேற்காடு ஏரியில் வழங்கும் பாடு முறையை யாவரும் அறிவோம். எந்நாளில் எவ்விடத்தில் வலையிட யாருக்கு உரிமை என்பது கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில் தலைமுறைகளாக வரையறுக்கப்பட்டுள்ளது. முறையின்றி வலையிடுவோரை ஊரார் உடனே இனங்கண்டுகொள்வர். நம் உடலும் இவ்வாறே தன்னுடையது எது, அயலானது எது என்று பகுத்தறியும் ஆற்றல் வாய்ந்தது.

தோலே முதல் அரண். அதனைக் கடந்து புகும் கிருமிகளை வெள்ளணுக்கள் சூழ்ந்து விழுங்குகின்றன. அவற்றுள் ஒரு வகையின பகைக்கேற்ற எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, அப்பகையை நினைவிலும் இருத்துகின்றன. தட்டம்மை கண்டவருக்கு அது மீண்டும் வருவது அரிது என்பதன் காரணம் இதுவே.

ஆயின், இந்நினைவுக்கு எட்டாத நோய் ஒன்றுண்டு; அது இரணஜன்னி. மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் அதன் கிருமி, கெளுத்தி முள்ளோ சிப்பி ஓடோ துருவேறிய ஆணியோ குத்திய ஆழ்ந்த புண்ணில், காற்றுப் புகாவிடத்தே விழித்தெழுந்து நஞ்சைக் கக்குகின்றது. தாடை இறுகுகின்றது, உடல் வில்லென வளைகின்றது, உயிருக்கே ஆபத்து நேர்கின்றது. கொல்லும் அந்நஞ்சின் அளவோ மிகச் சிறிது. ஆதலின் உடல் அதனை நினைவிற் கொள்வதில்லை. பிழைத்தெழுந்தவருக்கும் இந்நோய் மீண்டும் வரக்கூடும்.

இந்நஞ்சை முறிக்கும் பொருள் இரத்தத்தில் உண்டாகக்கூடும் என்பதை 1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பேரிங், கிடசாட்டோ என்னும் அறிஞர் இருவர் விலங்குகளைக்கொண்டு நிறுவினர். தீங்கு நீக்கிய நஞ்சை உடலுக்கு முன்னரே காட்டிப் பழக்குவதே இன்றைய தடுப்பூசி.

குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களிலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், 5 முதல் 6 வயதிற்குள்ளும், பின்னர் 10, 16 வயதுகளிலும் இதனைப் போடுகின்றனர். கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டால் தாயின் எதிர்ப்பொருள் சிசுவையும் காக்கும். தாய்க்கும் சிசுவுக்கும் வரும் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ஆம் ஆண்டில் உறுதிசெய்யப்பட்டது. எனினும் மண்ணிலுள்ள கிருமி ஒழியவில்லை.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவரைத் தொற்றுவதன்று. ஆகவே அண்டை வீட்டார் போட்டுக்கொண்ட ஊசி நம்மைக் காவாது; அவரவர் காவலை அவரவரே பெறல் வேண்டும். சிறுவயதில் பெற்ற காவலும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளரும். கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும், வலையிழுக்கும் ஆடவரும், வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரும் இதனை எண்ணுதல் வேண்டும்.

புண்பட்டால் சாணமோ சேறோ அப்பலாகாது. சவர்க்காரமிட்டு நல்ல நீரால் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைதல் வேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊசி விட்டுப்போனோர் பெயர்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அளித்து, அடுத்த கிராம சபைக்குள் ஒருவர் விடாமல் போட்டுவிட முனைவோமாக.