நின்ற இடத்தில் குலுங்கிய வேன்

(தோட்ட இளைஞர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



சுகாதாரம், சேமிப்பு என்று பேசுகிற நாங்கள் இன்றைக்கு எஞ்சினைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் பின்னால் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நம் பொடியன்களில் வேன் ஓட்டுகிறவர்களும் கராஜில் வேலை பழகுகிறவர்களும் இப்போது எத்தனை பேர்? நடு ராத்திரியில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போவதும் அந்த வேனில்தானே.

போன வருஷம் நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட லயத்துக் குடும்பங்களோடு போனோம். யாழ்ப்பாணம் தாண்டி, பண்ணைப் பாலத்தில் கடலுக்கு நடுவே போய், அல்லைப்பிட்டியில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்க வேனை நிறுத்தினோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்து அரைக்கிற ரோலர் மாதிரி வேன் குலுங்குது! ஓடும்போது அவ்வளவாகத் தெரியவில்லை, நின்றால்தான் ஆட்டம். குறிகட்டுவானில் படகு நமக்காகக் காத்திருக்குமா? டிரைவர் தம்பி முகம் வெளுத்து, "டர்போ போயிருச்சு சார்" என்றார்.

டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் விசிறி. வண்டி சும்மா நிற்கும்போது புகை கொஞ்சம்தான், அதனால் டர்போவுக்கு வேலையும் கொஞ்சம்தான். நின்ற இடத்தில் குலுங்கினால் முதல் சந்தேகம் அதன்மேல் வரக்கூடாது. டீசல் ஒழுங்காக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அங்கே கடற்றொழில் செய்யும் ஒரு ஐயா. "எஞ்சினை நிப்பாட்டுங்கோ தம்பி. டீசல் எங்க அடிச்சனீங்கள்?" என்று கேட்டார். வழியில் கேனில் வாங்கியதை டிரைவர் ஒப்புக்கொண்டார். ஐயா பில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தார். அடியில் தண்ணீர், மேலே டீசல். தண்ணீர் பாரம், அதனால் அடியில்தான் தங்கும். சுத்தமான டீசல் வரும் வரை விட்டு, திருகை இறுக்கி, பில்டர் மேலுள்ள கைப்பம்பை அது கெட்டியாகும் வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். ஸ்டார்ட் பண்ணினால் முக்கால்வாசி ஆட்டம் போயிருந்தது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். படகையும் பிடித்தோம், அம்மனையும் கும்பிட்டோம்.

அந்த ஐயா இன்னொன்றும் சொன்னார். 1990களின் முதற்பாதியில் குடாநாட்டுக்கு எரிபொருள் தடை இருந்தபோது, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்களாம். உண்மைதான். ஆனால் அவை பழைய பெற்றோல் கார்கள். இன்றைய டர்போ டீசலின் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் வழவழப்புத் தருகிறது. மண்ணெண்ணெய் கலந்தால் அவை தேய்ந்துபோகும். 2022 ஆகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய். அந்த மாதம்தான் 340 ஆனது. அதற்கு முன் கலக்க ஆசைப்பட்டவர்கள் இங்கேயும் இருந்தீர்கள், பெயர் சொல்ல மாட்டோம்.

ஊர் திரும்பியும் மிச்ச ஆட்டம் தீரவில்லை. ஒரு கராஜில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னார்கள். வேன்காரர் வீட்டில் நகையை அடகு வைக்கத் தயாரானார்கள். பொறுங்கள் என்று வேறொரு மெக்கானிக்கிடம் கூட்டிப்போனோம். அவர் ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் டீசல் திரும்பி வரும் சின்னக் குழாய்க்கு ஒரு போத்தல் வீதம் மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். மூன்று போத்தலில் ஒரே அளவு. ஒன்று மட்டும் சீக்கிரமே நிறைந்தது. உள்ளே ஒழுகுவது அது ஒன்றுதான். அதை மட்டும் மாற்றினார், எஞ்சின் அமைதியாகிவிட்டது. நகை வீட்டிலேயே இருக்கிறது.

தம்பிமார்களே, இதைக் கவனியுங்கள். பழைய டீசல் எஞ்சினில் பழுதான சிலிண்டரைக் கண்டுபிடிக்க, ஓடும்போதே இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள். புது எஞ்சினில் ஒருநாளும் அதைச் செய்யாதீர்கள். வேன் டயரில் நாற்பது, ஐம்பது பவுண்டு அமுக்கம் என்றால், இந்தக் குழாய்களில் வேகம் எடுக்கும்போது பதினையாயிரத்துக்கும் மேல் போகும். ஊசிமுனை அளவு பீய்ச்சினாலும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். குண்டூசி குத்தின மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் உள்ளே போயிருக்கு" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு காலை பெக்டரி லொறியில் பில்டர் தண்ணீர் இறக்கிக் காட்டப்போகிறோம். பழகுகிற பொடியன்கள் ஆளுக்கொரு வெற்றுப் போத்தலோடு வாருங்கள். கண்ணாடிப் போத்தலாக இருக்கட்டும்.