‘நில்’ என்ற சொல் விளங்காத பிள்ளைகள்
(புத்தூரில் நடைபெற்ற பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மாரான பழைய மாணவிகள் சிலர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் மகிழ்ச்சியான விடயங்களைத்தான் பேச வேண்டும். ஆனாலும் எங்களுக்குத் தரப்பட்ட பத்து நிமிடத்தில், வெளியே அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்ல அனுமதி கேட்கிறோம்.

எங்களில் ஒருத்தியின் மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. மீசை அரும்பிவிட்டது, தாயை விட உயரம். சந்தியில் நின்று போகிற பஸ்களை எண்ணுவதுதான் அவனுடைய பெரிய சந்தோஷம். ஒருநாள் மாலை சைக்கிளில் வழக்கத்தை விடத் தூரம் போய்விட்டான். வீதிச் சோதனையில் நின்றவர்கள் மறித்து, “பேர் என்ன?” என்று கேட்டார்கள். அவனும் “பேர் என்ன?” என்றான். “எங்க போறாய்?” என்றார்கள். “எங்க போறாய்?” என்றான். தங்களைப் பகிடி பண்ணுகிறான் என்று நினைத்தவர்களில் ஒருவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வது ஓட்டிசம் உள்ள பலருடைய பேச்சு முறை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் வழி செய்திருக்கவும் இல்லை.

அன்று அவனைக் காப்பாற்றியவர் மரக்கறி ஏற்றிவந்த ஒரு வியாபாரி. “சேர், அது எங்கட ரீச்சரின்ர பெடியன். கதைக்கத் தெரியாது. வீட்டுக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்” என்று இறங்கி வந்து சொன்னாராம். சட்டமோ, வைத்திய அறிக்கையோ அந்த இடத்தில் உதவவில்லை. அவனைத் தெரிந்த ஒரு மனிதர் உதவினார்.

அந்தத் தாய் பிறகு எங்களிடம் சொன்னது இது: “கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் அவனைக் கொண்டு போகாமல் இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சன். அடுத்த ஒழுங்கையில இருக்கிறவைக்கே அவனைத் தெரியாது. அந்த மனிசனும் அவனைக் கண்டது தற்செயல்தான்.” எங்கள் எல்லோருக்கும் அது சுட்டது. நாங்களும் அதையே செய்து வந்தவர்கள்தான்.

இது எங்கள் ஊரின் கதை மட்டுமல்ல. 2020 மே 25ஆம் திகதி, ஊரடங்குக் காலத்தில், அளுத்கம தர்கா நகரில் சைக்கிளில் வெளியே போன 14 வயதுச் சிறுவன் ஒருவன் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டான். ஓட்டிசம் உள்ள பிள்ளை அவன். பொலிஸார் அவனைத் தாக்கிக் கட்டி வைத்தார்கள் என்று குடும்பத்தினர் முறையிட்டார்கள். கமராப் பதிவுகள் வெளிவந்த பிறகுதான் நாடு அதைப் பேசியது, சம்பந்தப்பட்டவர்கள் பணி இடைநிறுத்தப்பட்டார்கள். சரியாக ஐந்து நாள் கழித்து, மே 30ஆம் திகதி, ஜெருசலேமின் பழைய நகரில் இயாத் அல்-ஹல்லாக் என்ற 32 வயதுப் பலஸ்தீனர் தன்னுடைய விசேட தேவைப் பாடசாலைக்கு நடந்து போகும் வழியில் இஸ்ரேலியப் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பயந்து ஓடியதுதான் அவர் செய்தது. சுட்டவரை 2023இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2016இல் அமெரிக்காவின் வட மியாமியில் ஓட்டிசம் உள்ள ஒருவர் வீதியில் இருந்து விளையாட்டு லொறி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அது துப்பாக்கி என்று எண்ணிய பொலிஸ்காரர் சுட்டபோது, பக்கத்தில் கைகளை உயர்த்தியபடி படுத்திருந்த பராமரிப்பாளர் காயப்பட்டார்.

இவை மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஓடுவது, கண்ணைப் பார்க்காதது, பதில் சொல்லாதது, கையிலிருப்பதை விடாதது, தொட்டால் உதறுவது ஆகியவற்றைக் குற்றவாளியின் அடையாளங்கள் என்று பொலிஸார் படித்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அவை பயத்தின் அடையாளங்கள்.

எங்கள் தலைமுறை சோதனைச்சாவடியில் வளர்ந்தது. தூரத்திலேயே சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, மெல்ல நடந்து பழகியவர்கள் நாங்கள். ஓடாதே, திரும்பிப் பார்க்காதே என்பதைப் பயம் எங்களுக்குக் கற்றுத் தந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பயம் எதையும் கற்றுக் கொடுக்காது. பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்து காட்டுவதுதான் கற்றுக் கொடுக்கும்.

நாங்கள் வீட்டில் செய்பவற்றைச் சொல்கிறோம். ‘நில்’ என்றவுடன் நிற்பதை ஒரு விளையாட்டாக முற்றத்தில் ஒவ்வொரு நாளும் பழக்குகிறோம். நின்றவுடன் இரண்டு கையும் வெளியே தெரிய வேண்டும். பிள்ளையின் பெயர், ஓட்டிசம் உள்ளவர் என்ற விபரம், தொடாமல் மெதுவாகக் கதையுங்கள் என்ற வேண்டுகோள், எங்கள் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்க விடுகிறோம். சட்டைப்பைக்குள் வைப்பதில்லை. பைக்குள் சட்டென்று கை போனால் அதுவே சந்தேகமாகிவிடும்.

பொலிஸ் நிலையத்துக்குப் பிரச்சினை வந்த பிறகு போகாமல், வருவதற்கு முன்னரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்யுங்கள். சீருடையைப் பிள்ளை பார்த்துப் பழகட்டும், பிள்ளையின் முகத்தை அவர்களும் பழகட்டும். அங்குள்ளவர்கள் இடமாற்றத்தில் போய்விடுவார்கள், ஆகவே ஒவ்வொரு தைப்பொங்கலுக்குப் பிறகும் திரும்பப் போக வேண்டும். அவர்களிடம் கேட்க வேண்டியது பெரிய விடயமல்ல. ஒருவர் மட்டும் கதையுங்கள், சின்ன வசனமாகக் கேளுங்கள், பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள், கையிலிருப்பதைப் பறிக்காதீர்கள், எங்களை அழையுங்கள். எதைக் கேட்டாலும் “ஓம்” என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. தான் செய்யாததற்கும் “ஓம்” என்பார்கள். ஆகவே பெற்றோர் வரும்வரை வாக்குமூலம் எடுக்க வேண்டாம் என்று கட்டாயம் கேளுங்கள்.

பொலிஸாரின் உதவி தேவைப்படும் நேரமும் உண்டு. பிள்ளை காணாமற் போனால் வெட்கப்பட்டு நேரத்தை வீணாக்காமல் 119ஐ அழையுங்கள். ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்கும். எங்களுடையதோ தோட்டக் கிணறுகள் நிறைந்த ஊர், நிலாவரையும் பக்கத்தில். ஆகவே தேடுபவர்களை முதலில் கிணற்றடிக்கும் கேணியடிக்கும் அனுப்புங்கள். வீதியைப் பிறகு பார்க்கலாம்.

அநியாயம் நடந்துவிட்டால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்யுங்கள். இடம், நேரம், கண்டவர்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டவராயின் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. சித்திரவதையை எங்கள் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை முற்றாகத் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தால் போதாது, கேட்பதற்கு ஆள் வேண்டும். தர்கா நகரில் அந்தக் குடும்பம் கேட்டது.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். இலண்டனில் மனவளர்ச்சி வேறுபாடுள்ள ஒருவரைப் பொலிஸார் விசாரிக்கும்போது, அவருக்குத் துணையாகப் பொருத்தமான ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் கேட்டு வாங்குங்கள். ரொறன்ரோவில் இப்படியானவர்களின் விபரங்களைப் பொலிஸாரிடம் முற்கூட்டியே பதிந்து வைக்கும் ஏற்பாடு உண்டு. ‘சனத்துக்குத் தெரிஞ்சிடும்’ என்று பதியாமல் விடாதீர்கள். ஒளித்து வைத்ததால் வந்த வினையை நாங்கள் பட்டுவிட்டோம்.

நூற்றாண்டு நினைவாக மண்டபத்துக்குப் புது மேடை, மின்விசிறி என்று பலதும் செய்கிறோம். அவற்றோடு சேர்த்து ஒன்று கேட்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு இரு மொழி அட்டைகளை அச்சிட்டுத் தாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இந்த மண்டபத்திலேயே பொலிஸாரையும் கிராம அலுவலர்களையும் ஓட்டோ ஓட்டும் தம்பிமாரையும் கூப்பிட்டு, பிள்ளைகளோடு ஒரு தேநீர் உபசாரம் வையுங்கள். செலவு அதிகம் ஆகாது.

பஸ் எண்ணும் அந்தத் தம்பி இன்று பின்வரிசையில் தாயோடு இருக்கிறான். முதல் தடவையாக ஒரு விழாவுக்கு வந்திருக்கிறான். இடையில் எழும்பி நடப்பான், சத்தம் போடுவான். அவனுடைய முகத்தை ஒருதரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சந்தியில் கண்டால், “இது எங்கட பிள்ளை” என்று சொல்ல உங்களில் ஒருவர் இருந்தால் போதும்.